சோழவரத்தில் ஒரு முழு வாக்கியம்

படிப்பு புதுச் செருப்பு மாதிரி. முதலில் கொஞ்ச நாள் போட்டவர் காலைக் கடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது பக்கத்தில் நின்றவர்களின் கால்களையெல்லாம் கடித்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் கல்லூரியில் பி.யு.சி. தேறிய முதல் ஆளும் நான்தான். அதற்குமுன் எங்கள் ராயபுரம் வீட்டில் பாடப்புத்தகம் தவிர அச்செழுத்து என்று இருந்தவை கோயில் காலண்டரும் ரேஷன் கார்டும் மட்டுமே. தேர்வு முடிவு வந்த அன்றே நான் சில முடிவுகளை எடுத்துவிட்டேன். இனி என் வாயில் ‘இன்னா’ வராது, ‘என்ன’தான் வரும். ‘கீது’ என்று எவராவது சொன்னால் ‘இருக்கிறது’ என்று திருத்துவேன். (திருத்தவும் செய்தேன். மீன்காரியைக்கூட விடவில்லை. அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுக்கு நண்டு தருவதை நிறுத்திக்கொண்டாள்.)

“இன்னாத்துக்குடி இந்த நாடகம்? யாரு வூட்டுப் பொண்ணு நீ?” என்று அம்மா கேட்பாள்.

“ஏன் இப்படிப் பேசுகிறீர்கள், அம்மா?” என்பேன் நான்.

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இந்த நிலைமையில்தான் நான் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய டீமில் சேர்ந்தேன்.

டீம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பாஷா பாய் என்பவர் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். லாரி, ஆட்டோ, ஐஸ் மில் மோட்டார், எது வந்தாலும் பார்ப்பார். அவரிடம் தாஸ் என்று ஒரு மெக்கானிக். வேலையில் கை எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு வாய் சுத்தமில்லாதவன். மூன்றாவது ஆள் என் அண்ணன் சவுரி. பகலில் துறைமுகத்தில் கிரேன் பட்டறை வேலை. சாயங்காலம் ஆனால் பாய் கடை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் நாட்டை விட்டுப் போகும்போது கிடங்கில் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை, எலும்புக்கூடாக வாங்கிவந்து, மூன்று பேருமாகச் சதை ஏற்றியிருந்தார்கள். டேங்குக்கு நீலப் பெயின்ட். அதன்மேல் சின்னதாக ஒரு வேளாங்கண்ணி மாதா படம். பாய் ஒருநாளும் அதை மறுத்துச் சொன்னதில்லை. “ஓட்றவன் நம்புறது வண்டில இருந்துட்டுப் போட்டும்” என்பார்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் எட்டாவது படிக்கும்போது நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கடலில் தோள் இறங்கிவிட்டது. அப்புறம் அவரால் துடுப்புப் போட முடியவில்லை. யாராவது ஒருவர் படிப்பை நிறுத்தியாக வேண்டும். வீட்டில் பேச்சே நடக்கவில்லை. ஒரு காலையில் அண்ணன் பையை ஆணியில் மாட்டிவிட்டு, “நான் வேலைக்குப் போறேன். பாப்பா படிக்கட்டும்” என்றான். அவ்வளவுதான். எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. அந்தப் பை ரொம்ப நாள் ஆணியிலேயே தொங்கியது.

அப்படிப்பட்டவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை, வண்டி. சோழவரத்தில் சண்டைக் காலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடந்தது. தை, மாசி வாக்கில் அங்கே பந்தயம் நடக்கும். பெங்களூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெரிய பெரிய டீம்கள் வேனில் வந்து இறங்கும். எங்கள் டீம் மீன் லாரியில் போய் இறங்கும். லாரியை எவ்வளவு கழுவினாலும் நாங்கள் வருவதற்கு முன்பே எங்கள் வாசனை வந்துவிடும். “ராயபுரம் வந்துட்ச்சிபா” என்று கொட்டகைக்குள் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்கள்.

பந்தய விதிமுறைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அதுவரை பாய் அவற்றைப் படித்ததே இல்லை. “எல்லாரும் போறப்ப போவோம், நிக்கிறப்ப நிப்போம். இதுல படிக்க இன்னா கீது?” என்பது அவர் கொள்கை. நான் பி.யு.சி. தேறிய வருஷம் அண்ணன்தான் பெருமையாக, “பாப்பா இங்கிலீஷ் படிக்கும் பாய், கூட்டிகினு வரேன்” என்று சொல்லியிருக்கிறான். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசை முடிந்ததும் நானும் மீன் லாரியில் ஏறத் தொடங்கினேன். முன்சீட்டில் எனக்கும் நைனாவுக்கும் இடம். பின்னால் வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மற்ற மூவர்.

பந்தய டீமோடு சுற்றினால் வாழ்க்கைக்குப் பாடம் கிடைக்கும் என்று பிற்பாடு யாரோ சொல்லக் கேட்டேன். கிடைக்கும்தான். தாஸ் கையை நீட்டுவான். எந்த ஸ்பேனர் என்று சொல்ல மாட்டான். பாய் சரியான ஸ்பேனரை அந்தக் கையில் வைப்பார். வண்டியைக் கிளப்பிவிட்டு மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். சத்தம் சரியாக இருந்தால் ஒருவர் மட்டும் “ம்” என்பார். ஒரு நாள் முழுவதும் அவர்கள் பேசியதை ஒரு பீடிக்கட்டின் மேல்தாளில் எழுதிவிடலாம். கண்ணெதிரே இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“டீச்சரம்மா, ‘ஸ்பானர்’ தப்பா, ‘ஸ்பேனர்’ தப்பா?” என்று தாஸ் கேட்பான்.

“ஸ்பேனர் என்பதே சரி.”

“அப்ப நான் இதுவரிக்கும் போல்ட்டுகள தப்பா திருகிட்டேன் பாய். எல்லாத்தியும் அவுத்து மறுபடி போடணும்.”

எங்கள் டீமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த டீமிலும் அது கிடையாது. பந்தயத்தில் ஓடுகிறவனுக்குத் தான் எத்தனையாவதாகப் போகிறோம் என்று தெரியாது. வெளியில் நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதைச் சொன்னது நைனாவின் துண்டு. கட்டுமரம் கரைக்குத் திரும்பும்போது அலை உடைகிற இடம்தான் ஆபத்து. கடலில் இருப்பவனுக்குப் பின்னால் வரும் அலை தெரியாது, கரையில் நிற்பவனுக்குத் தெரியும். கரையில் ஒருவர் துண்டைத் தலைக்குமேல் சுழற்றினால், வா, வேகமாகப் போடு என்று அர்த்தம். துண்டை விரித்துக் கீழே தாழ்த்திப் பிடித்தால், அங்கேயே நில். தோள் இறங்கியபின் நைனா எங்கள் கரையில் துண்டு காட்டுபவராக இருந்தார். அதே துண்டைச் சோழவரத்திலும் காட்டினார். சுழற்றினால், முன்னால் இருக்கிறாய், போ. தாழ்த்தினால், ஏதோ கோளாறு, வந்து நில். அண்ணன் சிறுவயதிலேயே கடலுக்குப் போனவன். மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் போனாலும் அந்தத் துண்டு அவன் கண்ணில் பட்டுவிடும்.

இதோடு ஒரு சட்டமும் உண்டு. கரை ஏதோ சொல்கிறது, ஆனால் என்னவென்று புரியவில்லை என்றால், யோசிக்காதே, வம்பு பண்ணாதே, கரைக்கு வந்து கேள். நைனா இதை அண்ணனுக்கு அடித்தே சொல்லிக் கொடுத்திருந்தார். இந்தச் சட்டத்தை நீங்கள் மறக்க வேண்டாம். நான் மறந்தேன்.

நான் லாரியில் ஏறிய முதல் வருஷப் பந்தயத்தில் பெங்களூர் டீமோடு ஒரு பெண் வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி, தலையில் பட்டு ஸ்கார்ஃப். தன் ஆள் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் சின்னக் கரும்பலகை ஒன்றை உயர்த்திக் காட்டினாள். அதில் ஒரே ஒரு எண் இருந்தது. கூட்டமே அவளைப் பார்த்தது. இந்தப் பக்கம் எங்கள் நைனா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கருவாட்டு நிறத்துக்கு வந்துவிட்ட துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொட்டகையில் யாரோ ஆங்கிலத்தில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் டீமில் ஆங்கிலம் புரிந்தது எனக்கு மட்டும். ஆகையால் அவமானமும் எனக்கு மட்டும்தான்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருஷம் எங்களுக்கும் பலகை. நான் பார்த்தது அவள் பலகையை. அதில் இருந்தது ஒற்றை எண் என்பதைப் பார்க்கவில்லை.

அந்த அடுத்த வருஷம் சாதாரண வருஷம் அல்ல. மோட்டார் சைக்கிள் விற்கும் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வரப்போவதாகவும், உள்ளூர்க்காரர்களுக்கான பந்தயத்தில் முதலில் வருகிறவனைப் புதுவண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வேலைக்கு எடுக்கப்போவதாகவும் பேச்சு அடிபட்டது. பாய் நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். பேச்சு உண்மைதான்.

“யூனிபாரம் குடுப்பாங்களாம். காலைல போயி வண்டி எடுக்கணும், சாயந்தரம் வரிக்கும் ஓட்டணும், எப்டி கீதுன்னு சொல்லணும். அவ்ளோதான் வேல” என்றார் பாய்.

அண்ணன் அதை நம்பவே இல்லை. “வண்டி ஓட்றதே வேலையா பாய்? அப்பறம் லீவு எதுக்கு?”

அதற்கப்புறம் அவன் கிரேன் பட்டறையிலிருந்து வந்து கைகழுவும்போதெல்லாம் பாட்டு முணுமுணுத்தான். அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலுக்கு மெழுகுவத்தியோடு போனாள். நான் பலகை தேடினேன்.

பலகை எங்கள் பங்குக் கோயிலின் ஞானோபதேச வகுப்பில் கிடைத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் சொல்லும் கரும்பலகை. அந்த வகுப்பில் நானும் உதவி செய்துகொண்டிருந்ததால் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அகலம் என் இரண்டு கைவிரிப்பு. லாரியில் ஏற்றும்போது தாஸ் பார்த்தான்.

“இத்த எதுக்கு? சவுரி பரிச்ச எழுதப் போறானா?”

“இது சமிக்ஞைப் பலகை” என்றேன்.

“பேரே இம்மாம் நீளம் கீதே” என்றான்.

காலை வெயில் ஏறும்போதே சோழவரத்தில் கூட்டம் நெரிந்தது. கம்பெனிக்காரர் வெள்ளைத் தொப்பியோடு எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் மாதா படத்தைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றி முத்திக்கொண்டான். வண்டியிலிருந்து காலையில் கொஞ்சம் ஆயில் கசிந்திருந்தது. பாய் குனிந்து துடைத்துவிட்டு, “இது தாங்கும். ஆனா ஒரு கண்ணு வச்சிக்க. ஏதாச்சும்னா நாங்க சொல்றோம்” என்றார்.

அண்ணன் தலையாட்டினான். அப்புறம் வழக்கம்போல நைனாவைப் பார்த்தான். நைனா துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறினார்.

நான் அவர் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், ஆனால் அவரிடம் நான் பேசியிருக்கக் கூடாத குரலில் சொன்னேன்: “நைனா, அதை உள்ளே வையுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள். இன்றைக்குப் பலகை இருக்கிறது.”

அவர் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். “செரிம்மா” என்றார். துண்டை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு கையை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் அதையும் அப்போது நல்ல ஒழுங்கு என்று நினைத்தேன்.

கொடி விழுந்தது. வண்டிகள் கிளம்பின.

முதல் சுற்றிலேயே கடல்காற்று தன் வேலையைக் காட்டியது. (சோழவரத்துக்கும் கடலுக்கும் தூரம் அதிகம். ஆனால் அன்று அது எனக்காகவே வந்திருந்தது.) நான் பலகையை உயர்த்தவும் காற்று அதை அப்படியே திருப்பிவிட்டது. பின்பக்கத்தில் போன வாரப் பாடம் அழியாமல் இருந்தது. என் அண்ணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு டேங்க்மேல் படுத்தபடி பறந்து வருகிறான். அவன் தங்கை அவனுக்குக் கொட்டை எழுத்தில் காட்டுகிறாள்: ‘பாவம் எத்தனை வகைப்படும்?’

பிறகு அவன் சொன்னான்: “அத்த பாத்ததும் நான் செத்துட்டேன், மேல வந்துட்டேன், கேக்கறாங்கன்னு நெனச்சேன்.”

பக்கத்துக் கொட்டகைகளில் தமிழ் படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் பலகையைத் திருப்பி முழங்காலால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு சின்னத் தடங்கல், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் வந்த சுற்றுகளில் அண்ணன் ஒவ்வொருவராகத் தாண்டினான். பெரம்பூர்ப் பையன் ஒருவன் சிவப்பு வண்டியில் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவனையும் வளைவில் வைக்கோல் கட்டுகளை உரசிக்கொண்டு தாண்டிவிட்டான். பாய் வாழ்நாளில் முதல்முறையாகத் துள்ளிக் குதித்ததைப் பார்த்தேன். கம்பெனிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

கடைசிச் சுற்று வரப்போகிறது. அண்ணனுக்கும் சிவப்பு வண்டிக்கும் நடுவில் எங்கள் சந்தே பாய்போட்டுப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடைவெளி. அவனுக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியது என் கடமை.

எழுதத் தொடங்கினேன். சுருக்கமாக எழுதுவது அரைகுறைப் படிப்பாளிகள் பழக்கம் என்று எனக்கு எண்ணம். முழு வாக்கியத்தில் விடை எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான் என்று பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் முழு மதிப்பெண் வாங்கும் பெண். நல்ல கையெழுத்தில், புள்ளி, கால்புள்ளி விடாமல் எழுதினேன்:

‘அண்ணா, நீ இப்போது முதலாவதாகச் சென்றுகொண்டிருக்கிறாய். சிவப்பு வண்டி உனக்குப் பின்னால் வெகு தூரத்தில் வருகிறது. ஆகவே, பதற்றமின்றி இதே வேகத்தில் தொடர்ந்து செல்லவும்.’

பலகையை உயர்த்தினேன்.

நேர்ப்பாதையில் நீல டேங்க் பளபளத்து வருவது தெரிந்தது. அண்ணன் தலையைத் தூக்கினான். அப்புறம் நெஞ்சைத் தூக்கினான். அப்புறம் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அவ்வளவு எழுத்தை அவன் எட்டாவது பாடப்புத்தகத்துக்கு அப்புறம் ஒருசேரப் பார்த்ததில்லை. துண்டு எங்கே என்று தேடியிருக்கிறான். துண்டு இல்லை. பலகை நிறைய எழுத்து மட்டும் இருக்கிறது. இவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்றால் ஆயில் ஒழுகுகிறதா, பின் சக்கரம் கழன்றுவிட்டதா, தீ பிடித்துவிட்டதா? கரை ஏதோ சொல்கிறது. என்னவென்று புரியவில்லை.

அவன் சட்டப்படி நடந்தான். கரைக்கு வந்துவிட்டான்.

முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த என் அண்ணன், ஒரு சுற்று மிச்சம் இருக்கும்போது, ஓரங்கட்டி, என் முன்னால் வந்து வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டான்: “இன்னா? இன்னா எழுதிகீது?”

“போடா! டேய் சவுரி, போடா!” என்று கொட்டகைக்குள்ளிருந்து பாய் கத்திக்கொண்டு ஓடி வந்தார். தாஸ் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அண்ணன் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தான்.

“இரு பாய். பாப்பா படிக்கட்டும்.”

இந்த இடத்தில் எந்தத் தங்கையும் ஒரே எழுத்தைத்தான் சொல்லியிருப்பாள். போ. ஊமையாக இருந்தால் கையாலாவது தள்ளியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையை அவன் பக்கம் திருப்பி, விரலை எழுத்தின்மேல் ஓட்டி, உச்சரிப்பு சுத்தமாக, படித்தேன்.

“அண்ணா, நீ இப்போது முதலாவதாகச் சென்றுகொண்டிருக்கிறாய்…”

அவன் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். என் படிப்பின்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. இவள் படித்து முடித்தால் ஏதாவது முக்கியமாக இருக்கும் என்று காத்திருந்தான்.

“சிவப்பு வண்டி உனக்குப் பின்னால் வெகு தூரத்தில் வருகிறது…”

எங்கள் பக்கத்தில் ஏதோ ஒன்று ‘விர்’ரென்று போனது. சிவப்பு வண்டி.

“ஆகவே…”

இன்னொன்றும் போனது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று வரிசையாகப் போயின. அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. பலகையைக் கீழே போட்டேன். இரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த ராயபுரம் தொண்டையைத் திறந்துகொண்டு வந்துவிட்டது.

“போண்ணா! இன்னா நின்னுகினுகீற! போ!”

அவன் போனான். அப்படி ஒருவன் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு சுற்றில் எத்தனை பேரைத்தான் தாண்ட முடியும்? நான்காவதாக வந்தான்.

இதற்கிடையில் ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, முன்வரிசையே குலுங்கிச் சிரித்தது. “முதலில் வந்துகொண்டிருந்தவர் ஒரு சின்னச் சொற்பொழிவு கேட்பதற்காக நின்றிருக்கிறார், முடிந்ததும் தொடர்வார் என்று எதிர்பார்க்கிறோம்” என்பது அதன் பொருள்.

“இன்னா சொல்றான் மைக்குல?” என்று தாஸ் கேட்டான்.

விதிமுறை, ஸ்பேனர் டப்பாவின் லேபிள், பக்கத்துக் கொட்டகைக் கிண்டல், எல்லாவற்றையும் கேட்காமலே மொழிபெயர்த்துச் சொன்னவள் நான். அன்றைக்கு, “எஞ்சின் ரிப்பேர் என்று சொல்கிறார்கள்” என்றேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தான். பெரம்பூர்ப் பையன் கழுத்தில் மாலையோடு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “இன்னா பிரதர், நீ தானே மின்னால இருந்த? வண்டி நின்னுட்ச்சா?”

“இல்லபா. ஒரு சேதி வந்துச்சு” என்றான் அண்ணன்.

கம்பெனிக்காரர் அந்தப் பையனின் தோளில் கைபோட்டுத் தன் காருக்கு அழைத்துப் போனார். அண்ணன் கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் குனிந்து, கீழே கிடந்த பலகையை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு லாரியில் வைத்தான். “கோயில் சாமான். ஒடையப் போவுது” என்றான். எனக்கு அவன் இரண்டு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார எனக்கு முகமில்லை. பின்னால் போய்ப் பலகை மறைவில் உட்கார்ந்துகொண்டேன். லாரி செங்குன்றம் தாண்டியது. அதற்கப்புறம் தாஸ் தொண்டையைச் செருமினான்.

“டீச்சரம்மா, ஒரு சந்தேகம். ‘ஆகவே’ வரிக்கும்தான் கேட்டுச்சு. அப்பால இன்னா?”

பாய் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தப் பார்த்து, முடியாமல், லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “தோஸ்து, அவன்… அவன் காதக் குடுத்துக் கேக்குறான்யா… பூசைல பிரசங்கம் கேக்குற மாரி!” அண்ணனும் சிரித்துவிட்டான். நான் அழுதேன். அழும்போதும், அப்பால என்ன என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. (படிப்பு அவ்வளவு சீக்கிரம் உடம்பை விட்டு இறங்குவதில்லை.)

அண்ணன் இன்றும் கிரேன் பட்டறையில்தான் இருக்கிறான். நீல வண்டி அதற்குப் பின் ஒரு பந்தயம் ஓடி, அதிலேயே எஞ்சின் போய்விட்டது. பெரம்பூர்ப் பையன் யூனிபாரத்தோடு, நம்பர் எழுதாத புதுவண்டியில், எங்கள் நெடுஞ்சாலை வழியாக எண்ணூர்ப் பக்கம் போவதை அடிக்கடி பார்ப்போம். அவன் ஹாரன் அடிப்பான். அண்ணன் கையாட்டுவான். கூட நான் இருந்தால் தலையைக் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொள்வேன். அந்த வார் என்றைக்கும் சரியாகவே இருந்திருக்கிறது.

நான் இப்போது விம்கோ நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாஸ் வாக்கு பலித்தது. என் வகுப்பில் ஒரு வார்த்தையில் விடை எழுதுகிற பிள்ளைக்கும் முழு மதிப்பெண் உண்டு. தலைமையாசிரியை அதற்காக என்னை இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் நீளும்.

வீட்டில் ‘ஆகவே’ நிரந்தரமாகத் தங்கிவிட்டது. யார் பேச்சை வளர்த்தாலும், மற்றவர் “ஆகவே?” என்பார். அம்மா மீன்காரியிடம் பேரம் பேசும்போதுகூட. (நண்டு திரும்பவும் வரத் தொடங்கிவிட்டது. இப்போது நானும் ‘கீது’ என்றுதான் கேட்கிறேன்.) போன வருஷம் என் கல்யாணத்தில், பீடத்தின் முன்னால் சாமியார், “முழு மனதோடு சம்மதிக்கிறாயா?” என்று கேட்டார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டதில் ஒரு நொடி தாமதமானது. பின் பெஞ்சிலிருந்து அண்ணன் குரல், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்டது: “பாப்பா, சுருக்கமா!”

சாமியாரே சிரித்துவிட்டார். “சம்மதம்” என்றேன்.

அன்று மத்தியானம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் விவரம் கேட்க, அண்ணன் கதையை முழுதாகச் சொன்னான். அவன்தான் எப்போதும் சொல்வான். அவனைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. பலகையைத் திருப்பிக் காட்டி, ‘பாவம் எத்தனை வகைப்படும்’ என்று குரலை மாற்றி, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பதுவரை எல்லாம் நடித்துக் காட்டுவான். எல்லோரும் இலையில் கைவைத்தபடி சிரித்தார்கள். என் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அது செரி தம்பி. எப்பவும் உங்க நைனா துண்டு காட்டுவார்னு சொன்னீயே. அன்னிக்கு அவரு காட்டியிருந்தா நீ நின்னிருக்க மாட்டயே. அவரு எங்க போனாரு?”

நான் குனிந்து இலையைப் பார்த்தேன்.

“அத்த ஏன் கேக்கறீங்க” என்றான் அண்ணன், ஒரு நொடிகூட யோசிக்காமல். “அன்னிக்குன்னு பாத்து இவரு துண்ட வூட்லயே மறந்துட்டு வந்துட்டாரு.”

எல்லோரும் நைனாவின் பக்கம் திரும்பினார்கள். அவர் தோளில் கல்யாணத்துக்கு எடுத்த புதுத்துண்டு. அதன் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, தலையாட்டினார்.

“ஆமா” என்றார் நைனா. “மறந்துட்டேன்.”